மறுபக்கத்தின் கடைசி அரை நிமிடம்

மகள் என் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரே கேசட்டை இரண்டு விதமாகப் பதிந்து, ஹெட்போனை என் காதில் மாட்டினாள். ஒன்று எம்பி3, சின்னது. மற்றது எதையும் வெட்டாத பெரிய கோப்பு. "எது நல்லாருக்கு, சொல்லுங்கப்பா. நீங்கதான் பெரிய ரெக்கார்டிங்காரராச்சே" என்று கிண்டல் வேறு. கேசட்டைப் பார்த்தேன். நீ கோத்தகிரியிலிருந்து அனுப்பியது. நீ செத்துப்போன செய்தி போன மாதம்தான் வந்தது.

இப்படி ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் பைத்தியம் நம் இரண்டு பேருக்குமே உண்டு. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். நான் ஹட்டனில் ரெக்கார்டிங் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வருவாய். ஒரே பாட்டை இசைத்தட்டிலும் கேசட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுச் சண்டை பிடிப்போம். "கேசட்டுல பாட்டு இருக்குடா, பாடுறவன் மூச்சு இல்ல" என்பாய். எனக்கு இரைச்சல் இல்லாமல் இருந்தால் போதும்.

பிறகு உனக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, உன் அம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரு குடும்பத்தைப் பிரிக்க இரண்டு அரசாங்கங்களுக்கு இரண்டு காகிதம் போதுமாக இருந்தது. நீ மட்டும் கப்பலேறினாய்.

இந்தியா போனவர்கள் கேசட்டில் பேசி, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் அவர்கள் பேச்சு. மறுபக்கம் நம் பதிலுக்காகக் காலியாக வரும். அதுதான் வழக்கம்.

உன் கேசட் வந்ததும் உன் அம்மாவைக் கடைக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். குளிர், கொழுந்து, நீ வாங்கிய ரேடியோ. எல்லாம் என்னோடுதான் பேச்சு, அதுவும் பாதியில் அறுந்து பக்கம் முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் சொல்லலியா தம்பி?"

"இல்லம்மா" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவளை மறந்தவனோடு எனக்கென்ன பேச்சு? கடைக்கு வந்திருந்த புது ரெக்கார்டிங் மெஷினின் சுத்தத்தையாவது கேட்டுத் தொலையட்டும் என்று மறுபக்கத்தில் பாட்டுகளைப் பதிந்தேன். பிறகு அதையும் அனுப்பவில்லை. அப்புறம் வந்த உன் கடிதத்தையும் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். உன் அம்மா அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் உன்னை மனதாரத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று பாட்டுகள் முடிந்தும் மகள் நிறுத்தவில்லை. நான் பதியாமல் விட்ட கடைசி அரை நிமிடம் ஓடியது. அதில் நீ.

"அழுவாதம்மா. ஒன் பேப்பர் சரியானா கப்பல் எறங்குற மண்டபம் கேம்புக்கே வந்து கூட்டிக்கிறேன். இந்தப் பக்கம் முழுசும் ஒனக்குத்தான் பேசியிருக்கேன். அவன் போட்டுக் காட்டுவான். அவன நம்பித்தான் பேசுறேன்."

வழக்கம்போல் காலி என்று நம்பி, பாட்டைப் பதியுமுன் ஒரு தடவைகூட மறுபக்கத்தைப் போட்டுக் கேட்கவில்லையடா நான். பாவி.

இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நீ சொன்னது சரி. எம்பி3இல் வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன. பெரியதையே வை என்று மகளிடம் சொன்னேன். அதில்தான், 'அவன்' என்று சொல்லுமுன் நீ மூச்சை இழுத்து லேசாகச் சிரிப்பது கேட்கிறது.