கோட்டுக்குள் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? எனக்குச் சளி மட்டும்தான், பயப்படாதே.

போன வாரம் சபைச் செயலாளர் போன் செய்தார். "உங்கப்பா தவறி ஒரு வருஷமாகப் போகுது. கோயில் சுவத்துல நினைவுக்கல் வைக்கிறோம்மா. கோட்டு போட்டு, உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. நின்னா மரியாதையா இருக்காது" என்றார். முப்பது வருஷம் சர்ச்சில் மணியடித்த அப்பா ஒரே ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு, "நீ உட்கார்ந்துட்டா மணி தானா அடிக்குமா?" என்று எல்லார் முன்னும் எழுப்பிவிட்டவர் இவர்தான். நான் வழக்கம்போல, "சரிங்க" என்றேன்.

இங்கே ஸ்டுடியோக்காரர் அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "முகம் இருக்கு, உடம்புக்கு எங்க போறது?" என்றார். சபை விழாவில் எடுத்த குரூப் போட்டோவை நீட்டினேன். முன்வரிசையில் கோட்டுடன் உட்கார்ந்திருந்த செயலாளரைக் காட்டி, "இந்தத் தலையை வெட்டிடுங்கண்ணா" என்றேன். அவர் வெட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அனுப்பிய படத்தைப் பார்த்து, "அடடா, உங்கப்பாவுக்குக் கோட்டு என்ன பொருத்தம்!" என்கிறார் செயலாளர். கல்லில் பதித்தும் விட்டார்களாம். திறப்பு நாளில் அவரே மாலை போடுவார். நீ சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடாதே.

ஒன்றைப் பிறகுதான் கவனித்தேன். படத்தில் மடியில் இருப்பதும் செயலாளரின் கைகள்தான். மோதிரம் போட்ட, காய்ப்பே இல்லாத கைகள். அப்பாவின் கை தெரிகிற படம் வீட்டில் இருந்தால், நான் வைத்துக்கொள்ளத் தபாலில் அனுப்பு, மங்கலானாலும் பரவாயில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கல்லைத் திறக்கும்போது முகத்தை மட்டும் பார், அம்மா.

உன் மகள்