ஜாமீன் வேண்டாம் என்றார்கள்

இப்படி எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உனக்கு ஒரு தபால் அட்டைகூடப் போட்டதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்கு என்ன கடிதம் என்று இருந்துவிட்டேன். நேரில் வந்தாலும் நீதான் பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "வாயத் தெறந்தா முத்தா உதிர்ந்துரும் ஒனக்கு?" என்பாய். இப்போது குறுக்கே பேச நீ இல்லை. அதனால் எழுத வருகிறது.

நேற்று பதிவுத் தபாலில் எனக்கு ஒரு கிரெடிட் கார்டு வந்தது. உறையைப் பிரித்ததும் புதுச் சீப்பின் வாசனை அடித்தது. என் பெயர் எழுத்தெழுத்தாக மேலே புடைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே வாசித்துவிடலாம். அப்பாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. நம் ஊரில் இதை வாங்கிக்கொள்ளும் கடை ஒன்றுகூடக் கிடையாது. மதுரையில் பெரிய ஜவுளிக்கடைகளில் வாங்குவார்களாம்.

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எவ்வளவும்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. வேணும்னா கடன் வாங்கிக்கிடலாம்."

"கடனையா பதிவுத் தபால்ல அனுப்புதான்?" என்றவர், சுடுகிற பொருளைப் போல அதை மேசையில் வைத்துவிட்டார்.

இதற்கு விண்ணப்பிக்க வங்கிக்குப் போனபோது, யார் ஜாமீன் போட வேண்டும் என்று கேட்டேன். புது மேனேஜர் என் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஜாமீன் வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் கால் தானாக உன் தெருப் பக்கம் திரும்பியது. அதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.

உன் பெயரும் அதே வங்கியில் இன்னும் இருக்கிறது. உன் மூன்றாவது தறிக்கு வாங்கிய கடன் முடியவில்லை. நீ போன பிறகு தவணை நின்றுவிட்டது. இப்படியே விட்டால் தறியை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு ஜாமீன் நான். அது பற்றி உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருப்பதால் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நான் பி.காம். முடித்துவிட்டு வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள், வேலைதான் கிடைக்கவில்லை. என்னோடு பி.யு.சி. வரை படித்த நீ, உன் அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுத் தறிக்கூடத்தை எடுத்துக்கொண்டாய். இரண்டு விசைத்தறியின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் உன் குரல் எங்கே போனாலும் குறையாது. ஒரு தட்டச்சு இயந்திரம் மட்டும் இருந்தால் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "அப்ப போயி கடன் கேளு" என்றாய், கடைக்குப் போய் உப்பு வாங்கச் சொல்வது போல.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். கூலிக்குத் தறி ஓட்டியவர், வங்கிக்குள் அன்றுதான் முதல் முறை நுழைந்தார். "இதுக்கு முன்னால எங்கேயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?" என்று அப்போதிருந்த மேனேஜர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் போல அப்பா நிமிர்ந்தார்.

"எங்க வீட்டுல மூணு தலைமொறையா எவன்ட்டயும் கை நீட்டினது கெடையாது சார்."

"அதாங்க கஷ்டம்" என்றார் மேனேஜர்.

வீடு வரும் வரை அப்பாவுக்கு ஆறவில்லை. "யோக்கியனா இருந்ததுக்கா இல்லைங்கான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ அறுந்த இழையை முடிந்துகொண்டே சிரித்தாய்.

"ஒங்கப்பா யோக்கியர்னு இந்த ஊருக்குத் தெரியும். மேனேஜரு தஞ்சாவூர்க்காரரு, அவருக்கு எப்படித் தெரியும்? மொதல்ல சின்னதா ஒண்ண வாங்கிக் கட்டிக் காட்டுளா."

அப்படித்தான் அம்மாவுக்குக் கடனில் தையல் இயந்திரம் வந்தது. ஜாமீன் கையெழுத்து உன்னுடையது. அதை நாங்கள் எப்படிக் கெடுத்தோம் என்பதை நீ தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது வீட்டில் ஒரு பைசா பாக்கி இருக்கக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். பால்காரருக்குக்கூட முந்தின நாளே கொடுத்துவிடுவார். அந்த ஆடியில், கடன் இருக்கும் வீட்டிலிருந்து கோமதியம்மனைப் பார்க்கப் போக மாட்டேன் என்றார். அம்மா தான் கட்டிவந்த ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி முன்னதாகவே எடுத்துக் கொடுத்தாள். மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டிவிட்டு, நல்ல பேர் வாங்கிவிட்டோம் என்று உனக்கு இனிப்பு கொண்டுவந்தேன்.

நீ இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேதான் திட்டினாய். "ஏட்டி, படிச்சவதான நீ? அவன் என்ன, எப்ப துட்டு வரும்னா காத்துக் கெடக்கான்? மாசாமாசம் மொகத்தக் காட்டுதியான்னுல்லா பாக்கான்!"

நீ சொன்னபடியே ஆயிற்று. தட்டச்சு இயந்திரத்துக்காக உன்னையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனபோது மேனேஜர், "சீக்கிரம் அடைச்சதுல சந்தோஷம்மா. ஆனா யாரோ ஒரு தடவை கை கொடுத்திருக்காங்கன்னு மட்டும்தான் இதுல தெரியுது. மாசம் தவறாமக் கட்டுவீங்களான்னு தெரியலையே" என்றார். இந்தத் தொகைக்கு மறுபடி நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் உன்னுடைய மூன்றாவது தறிக் கடன், என் கடன் முடியும் வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். நீ என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"வாங்காத தறி எங்கன ஓடிரப் போவுது சார்? தாளக் கொண்டாங்க."

வங்கியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. உனக்கு அப்போது சரக்குக் கேட்டு வியாபாரிகள் வந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு தறி இருந்தால் அந்த வருஷமே உங்கள் வீடு நிமிர்ந்திருக்கும். எனக்கு அது தெரியும். நீ அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

தவணைகளை ஒழுங்காகக் கட்டி வந்தேன். கையில் கூடுதலாகப் பணம் இருந்த மாதங்களில் மொத்தத்தையும் கட்டி முடித்துவிட, அப்பாவின் மகளாக எனக்குக் கை துறுதுறுக்கும். "கட்டிருவியோ? கட்டிருவியோ?" என்று நீ விரலை ஆட்டுவாய். பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. ஊரில் தறிகள் பாதி நேரம் நின்றன. அப்பாவின் கூலி குறைந்தது. ஊரில் பணப்புழக்கம் இல்லாததால் மனு அடிக்க வருகிறவர்களும் குறைந்தார்கள். ஒரு மாதம் தவணைக்குப் பாதிதான் சேர்ந்தது. உன்னிடம் வந்தேன். காலையில்தான் வியாபாரி வந்து உனக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"தர மாட்டேன்" என்றாய்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். நீ விடவில்லை.

"நான் கட்டினா, ஜாமீன்காரி கட்டினான்னு எழுதுவான். அதோட ஒம் பேரு போச்சு. ஒனக்கு வாய் இருக்குல்லா? போயி, பாதி இப்ப கட்டுதேன், மீதிய அடுத்த மாசம் சேத்துக் கட்டுதேன்னு சொல்லு. கொலையா பண்ணிட்ட?"

"நீயும் வாயேன்."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். கரண்டு இப்பதான் வந்துருக்கு, தறிய நிறுத்திட்டு வர முடியாது. போளா."

போனேன். மேனேஜர் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னது முதலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "தவணைத் தேதிக்கு முன்னாலேயே வந்து சொல்றவங்க கொஞ்சம் பேர்தாம்மா" என்று என் கணக்கின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் உன் தெரு வழியாக நான் வரவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். நீ கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுபடி வந்தபோது, "காப்பி குடிக்கியா?" என்று மட்டும் கேட்டாய்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததே. கடன் முடிந்தது. நான் பரீட்சை எழுதி, அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். உன் மூன்றாவது தறிக்கு ஜாமீன் போட என்னைக் கூப்பிட்டாய். "நான் கட்டலேன்னா ஒஞ் சம்பளத்துல பிடிப்பான். நல்லா யோசிச்சுக்கோ" என்றாய். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். "ஒரு வார்த்தை பேசுதாளா பாருங்க!" என்று மேனேஜரிடம் முறையிட்டாய்.

போன மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை வைத்தியத்தில் நாள் போய்விட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது உனக்கு நினைவு இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

தறிகளை இப்போது உன் தங்கை செல்வி ஓட்டுகிறாள். துணியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர்களைக் கண்டால் என்னைவிடப் பயப்படுகிறாள். தவணை நின்றதும் வங்கி நோட்டீஸ் அனுப்பியது, அவளுக்கும் எனக்கும். நான் போய்ப் பேசினேன். ஜாமீன்தாரர் என்ற முறையில் நானே கட்டி முடிக்கலாம் என்றார் மேனேஜர். அல்லது செல்வி தானே வந்து, பாக்கியை எப்படிக் கட்டுவாள் என்று சொன்னால், கடனை அவள் பெயருக்கு மாற்றித் தரவும் வழி இருக்கிறது என்றார். நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை செல்வி வந்தாள். "அக்கா, நீங்களே கட்டிருங்களேன். ஒங்களுக்கு நான் பெறகு தந்துருதேன்."

என்னிடம் பணம் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். நான் கட்டினால் தறி தப்பும். உன் கணக்கில் மட்டும், வாங்கியவள் கட்டவில்லை, ஜாமீன்காரி கட்டினாள் என்று கடைசி வரி விழும். செல்வி யாரென்று அந்த வங்கிக்குத் தெரியாமலே போகும். அடுத்த முறை நூலுக்கோ தறிக்கோ அவளுக்கு ஒருவரும் ஒன்றும் தர மாட்டார்கள்.

"தர மாட்டேன் செல்வி. நீயே போயிப் பேசு" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அக்கா இருந்தா இப்படிச் சொல்லுவாளா?" என்று கேட்டுவிட்டு விறுவிறு என்று போய்விட்டாள். உங்க அக்கா இதைத்தான் சொன்னாள் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

நான் செய்தது சரியா என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது சரிதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பெண் இன்று இரவு தூங்க மாட்டாள். காலையில் தறியை நிறுத்திவிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே பஜார் வழியாக நடப்பாள். அந்த நடை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ என்னோடு வரவில்லை. அதற்காக இன்று உன்னிடம் வருத்தம் எதுவும் இல்லை. நாளைக்கு நானும் செல்வியோடு போகப்போவதில்லை. நான் கேட்க நினைத்தது இதுதான்: நீ மட்டும் அவளோடு போய்விட்டு வா.