குறைத்துப் பாடிய கடைசி வரி

சிம்மக்கல், மதுரை
22.11.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பாக்கியம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். குவைத்தில் நீங்கள் சுகமாக இருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். ஆகஸ்டு மாதக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. கோப்பை நமக்குத்தான்! சனிக்கிழமை நடந்த பாடகர் குழுப் போட்டியில் எட்டுச் சபைகளை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டோம். அதிலும் கடைசி வரியில் ஜெயித்துக் கொடுத்தது உங்கள் பெண்டாட்டி. பெருமையடிக்கிறாள் என்று சிரிக்காதீர்கள், இன்று நன்றாக அடிக்கத்தான் போகிறேன்.

என் தொண்டை உங்களுக்குத் தெரியும். விளையாட்டு டீச்சருக்கு விசில் எதற்கு என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டவர் நீங்கள். குழுவை நடத்தும் ஞானசிகாமணி சாருக்கு அந்தத் தொண்டைதான் தலைவலி. பாட்டின் கடைசி வரி மெல்ல மெல்லக் குறைந்து முடிய வேண்டுமாம். என் தாளில் மட்டும் நாலு இடத்தில் பென்சிலால் 'டிமினிஷ்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த இடம் வந்ததும் நான் டப்பென்று வாயை மூடிக்கொண்டேன். திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு. பதினோரு வருஷமாகப் பாடுகிறவளை, சனிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள் அம்மா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கோயிலிலிருந்து வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூட லைப்ரரியில் அகராதியை இழுத்துப் போட்டு அந்த வார்த்தையைத் தேடினேன். குறைதல், சிறுத்தல், தணிதல், தேய்தல் என்று இருந்தது. நின்றுபோதல் என்று எங்குமே இல்லை. இத்தனை நாள் நிறுத்தித் தொலைத்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் மைதானத்தில் ஆள் நிறுத்தினேன். என் பக்கத்தில் ஆயா அழகம்மாள், நடுவில் கணக்கு டீச்சர் ஆனிமேரி, தூரத்தில் கேட்டருகே வாட்ச்மேன் வீரணன். என் குரல் கேட்கிறவரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். முதலில் வீரணன் கை இறங்க வேண்டும், அப்புறம் ஆனிமேரி. அழகம்மாள் கை மட்டும் கடைசிவரை இறங்கவே கூடாது. முதல் நாள் மூன்று கையும் ஒன்றாக இறங்கின. இரண்டாம் நாள் ஒன்றுகூட இறங்கவில்லை. நீங்க மொள்ளப் பாடுனாலே வைகைக்கு அங்கிட்டுக் கேக்கும் டீச்சர் என்றான் வீரணன். அம்புட்டு நேரம் கையத் தூக்கித் தோள்பட்டையே போச்சு என்று அழகம்மாள் புலம்பினாள். வியாழக்கிழமைதான் வீரணன் கை இறங்கியது, பிறகு ஆனிமேரி கை இறங்கியது. அழகம்மாள் கை அப்படியே நின்றது. எனக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது, குதித்தும் விட்டேன்.

மறுநாள் ஒத்திகையில் சார் பாராட்டவெல்லாம் இல்லை, மேடையில் என் இடத்தை மட்டும் கையால் காட்டினார்.

போட்டியில் கடைசி வரிக்கு வந்தபோது மற்றவர்கள் மூச்சுப் போதாமல் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். எனக்கு ஓடிப் பழகிய மூச்சாயிற்றே! குறைத்துக்கொண்டே போனேன், விடவில்லை. சாரின் கை கீழே வரும்வரை என் குரல் மட்டும் நூல்போல இருந்தது. ஹாலில் ஓர் இருமல் இல்லை. அந்த முடிவுக்காகவே முதல் பரிசு என்று நடுவர் அம்மா மேடையிலேயே சொன்னார். ஞாயிறு ஆராதனை வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சார் கோப்பையை என் கையில் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர், ஓட்டப்பந்தயமாக்கா என்று கேட்டார். இல்லை தம்பி, சத்தத்தைக் குறைத்து ஜெயித்தது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

அத்தான், போன வருஷம் மாதம் நாலு கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. எனக்குக் கோபம் இல்லை, பயம்தான். அங்கே உங்களுக்கு என்ன சிரமமோ. பக்கம் பக்கமாக வேண்டாம், சுகம் என்று ஒரே ஒரு வரி போதும். குறைந்தால் குறையட்டும், நிறுத்திவிடாதீர்கள். கர்த்தர் உங்களைக் கண்மணிபோலக் காப்பாராக. நான் இன்னும் கையை இறக்கவில்லை.

உங்கள்
பாக்கியம்