அம்மா திருத்திய கல்வெட்டு

நாரந்தனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் பிரதாபனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க நயினை அம்மன் துணை நிற்பா. இங்கே நான் இருக்கிறேன்.

அண்ணா, இவ்வளவும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. நாங்கள் இங்கு நலம் என்று போடட்டோ என்று கேட்டேன், "பொய் எழுதாதை, இருக்கிறன் எண்டு மட்டும் எழுது" என்றா. அவவுக்குக் கை நடுங்குவதால் நாலு எழுத்துக்கு மேல் எழுத ஏலாது, ஆகவே இனி எழுதுவது வதனி, கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வீட்டில் குந்தியிருக்கிறாள் என்று நீ எல்லோருக்கும் சொல்கிற அதே தங்கச்சி. போனில் கதைத்தால் என்ன என்று கேட்பாய். போனில் நீ எப்போதும் ரயிலுக்குள்தான் நிற்கிறாய், சுரங்கம் வந்ததும் குரல் அறுந்துவிடும். கடுதாசி அறாது என்று அம்மா சொல்கிறா.

மழை இல்லை, கிணறு உவர்த்துப் போய்விட்டது, குடிக்கிற தண்ணி பவுசர் லொறியில்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி மாமி காலையும் மாலையும் வந்து அம்மாவைத் துடைத்துச் சீலை மாற்ற உதவி செய்கிறா. கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி ஊசி வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று டொக்டர் சொன்னதை உனக்கு முந்தியே சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய் என்பது போன செவ்வாய்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் சங்கக் கடைக்குப் போன நேரம் அச்சகத்து அரியநாயகம் அண்ணை யாழ்ப்பாணத்தில் இருந்து மோட்டச்சைக்கிளில் வந்து, "மகன் பிழை பாத்துத் தரச் சொன்னவர்" என்று ஒரு பெரிய கவரை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார் பாவம். உள்ளே அம்மாவின் கல்வெட்டு. செத்து முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுப் போகிற சனத்துக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம், முழுவதும் அச்சுக்கோத்து, மலர்வு என்ற இடத்தில் பிறந்த திகதியும், உதிர்வு என்ற இடத்தில் வெறுமையுமாக.

நான் வந்து பார்க்க அம்மா கதிரையில் சாய்ந்திருந்து கண்ணாடி போட்டு அதை வாசித்துக்கொண்டிருந்தா. அழவில்லை. படத்தில் அவவின் தலையை வேறு ஆரோ ஒருத்தியின் பட்டுச்சீலை உடம்பில் ஒட்டியிருந்தார்கள், "சீலை நல்லாத்தான் கிடக்கு, ஆருடையதாம்" என்று கேட்டா. பிறகு வாழ்க்கை வரலாறு, அம்மையார் நாள்தோறும் வைகறையில் எழுந்து ஆலயம் வலம் வந்து என்று தொடங்குது. "இது ஆர் வதனி, எனக்கு இந்த மனிசியைத் தெரியாது" என்றா. அப்பாவின் கல்வெட்டும் நீ இப்படி அங்கிருந்து ஓடர் பண்ணியதுதான். கோயில் வாசலில் கைகூப்பாத மனிசன், குறிகட்டுவான் லோஞ்சுப் படகுக்குள்ளும் கட்டுரைப் புத்தகமும் கையுமாக இருந்தவர், அவரை அது சிவத்தொண்டர் ஆக்கியிருந்தது. வேறு ஆரோ ஒருவரின் கல்வெட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஓரிடத்தில் மாற்ற மறந்துபோய் அமரர் கதிர்காமு என்று கிடந்தது. பந்தியில் இருந்த சனம் கதிர்காமு ஆர் என்று கேட்டுச் சிரித்தது. இப்போதுதான் அம்மா சொல்கிறா, "உங்கடை அப்பாவைக் கதிர்காமுவாக்கி அனுப்பிப்போட்டம், என்னை அப்பிடி அனுப்ப விடமாட்டன், சிவப்புப் பேனையை எடு."

வரலாறு முழுவதையும் வெட்டச் சொல்லிவிட்டா. அந்த இடத்துக்குத் தான் வாசித்தவற்றைப் பற்றிப் போட வேண்டுமாம். "நான் பெத்ததும் சமைச்சதும் ஊருக்குத் தெரியும், வாசிச்சது ஒருத்தருக்கும் தெரியாது" என்றா. மூன்று நாளாகச் சொல்லச் சொல்ல எழுதினேன், நடுவில் நோவு வந்தால் நிறுத்துவோம். முதலாவது அந்தப் பல்லுவலிக் கட்டுரை, தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர் எழுதியது, ஒரு மனிசன் இரவு முழுக்கப் பல்லுவலியோடு கிடந்து ஊரில் உள்ள எல்லாரையும் மன்னித்து, விடிய வலி நின்றதும் ஒவ்வொருத்தராகத் திரும்பக் கோபிக்கிறான். உபதேசம் இல்லாமல் மனிசரைக் காட்டுகிறது, அதுதான் கட்டுரை என்று அம்மா எழுதச் சொன்னா. எனக்குக் கதைகளைவிட அதுதான் பிடித்தது. கம்பஸில் இதைப் படிப்பித்திருந்தால் நான் இருந்திருப்பேன். அடுத்தது, பிழையான செத்தவீட்டுக்குப் போய் ஆரென்று தெரியாத பிரேதத்துக்கு விழுந்து அழுதுவிட்டு, எழும்ப வெட்கப்பட்டுக் கடைசிவரைக்கும் இருக்கிறவனின் கதை. அதைச் சொல்லும்போது கதிர்காமு நினைவு வந்து அம்மா சிரிக்க, இருமல் பிடித்து, கோப்பைக்குள் இரத்தமும் வந்தது. நிப்பாட்டுவோம் என்றேன். "எழுதடி, சிரிச்சதையும் எழுது" என்றா.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டை இல்லாத நாவல், இடம்பெயர்ந்து போனபோது அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனது, நீ சின்னனில் அதன்மேல் சோறு கொட்டிய கறை இன்னும் இருக்கிறது. ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்து கதைக்காத அண்ணன் தம்பி கதை. எனக்கு நடுப்பகுதி இழுவையாக இருந்தது, சொன்னேன். "இழுக்கத்தான் வேணும், உனக்கு எல்லாம் உடனை முடியவேணும்" என்று பேசினா. தம்பி கிணற்றில் வாளி போடும் சத்தத்தை வைத்தே அவனுக்கு உடம்பு வருத்தம் கூடிவிட்டது என்று அண்ணன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டுபிடிக்கிற இடம் ஒன்று உண்டு. அதுக்காகத்தான் அம்மா திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறா. அண்ணன் மதில் ஏறிப் போனானா இல்லையா என்பதைக் கல்வெட்டில் போட வேண்டாமாம், விருப்பமானவர்கள் வாசித்து அறியட்டுமாம். நானும் உனக்கு எழுதமாட்டேன்.

ஓடர் தந்தவர் சொன்னால்தான் மாற்றுவேன் என்கிறார் அரியநாயகம் அண்ணை. ஆகவே அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். பட்டுச்சீலைப் படத்தை எடுக்கட்டும், அம்மா வாசித்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது, அனுப்புகிறேன். இன்னொன்று. வேலையில் ஒருக்காத்தான் லீவு தருவார்கள், இப்போது வந்தால் பிறகு செத்தவீட்டுக்கு வர ஏலாது, அதுதான் பொறுத்திருக்கிறேன் என்று நீ எனக்குச் சொன்னாய். நீ ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டா, நான் ஒளிக்கவில்லை. பிறகு, "அதுக்கு நான் இருக்கமாட்டனே" என்றா, அவ்வளவுதான்.

மகன், இனி அம்மா சொல்வது. இரவு வேலையைக் குறை, வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே. பிள்ளைகளை அடியாதே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்னில் எனக்குக் கோபம் இல்லை, பல்லுவலிக்காரனைப் போலத் திரும்பக் கோபிக்கவும் எனக்கு நேரம் கிடையாது. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். கடைசிப் பக்கத்து நன்றியில், தொலைபேசியில் அனுதாபம் சொன்னவர்களுக்கு என்ற வரியை வெட்டிப்போட்டேன், வந்தவர்களுக்கு மட்டும் நன்றி போதும். பிள்ளைகளின் பெயர் வரிசையில் உன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுவிஸ் என்று கிடந்தது, அதையும் வெட்டினேன். அடைப்புக்குறி வெறுமையாகத்தான் இருக்கிறது. சிவப்புப் பேனை என் தலைமாட்டில் கிடக்கிறது. நீ வந்து எழுது.

இப்படிக்கு,
அம்மா
சறோஜினிதேவி

(கையெழுத்து அவவே வைத்தது. வதனி.)