ஜிஸ்மியோடு பள்ளிக்குப் போன கருவாடு

சக்குபள்ளம்,
15.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று பன்னிரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் குழம்பு விசாரித்தார்கள்.

எல்லாம் நீ சொன்ன உபாயம்தான். சோற்று டப்பாவில் விளையாட்டு வைத்தால் ஜிஸ்மி பக்கத்துப் பிள்ளையோடு பேசுவாள் என்றாயே! கேரட்டுக்கு மிளகில் கண் வைத்தேன். 'மூக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் உங்க வீட்டில் என்ன குழம்பு என்று கேள்' என்று சீட்டும் எழுதி வைத்தேன். அவசரத்தில் அந்த டப்பாவை நானே வேலைக்கு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தூக்கிப் போய்விட்டேன். திறந்ததும் சீட்டு பறந்து, காய் பொறுக்கும் சின்னத்தாய் காலடியில் விழுந்தது. உரக்கப் படித்துவிட்டாள். "வேதமுத்தண்ணே, எங்க வீட்டுல புளிக்கொழம்பு, உங்க வீட்டுல?" சாயங்காலம் வரை அதே பாட்டு. என் பழைய சோறும் கருவாடும் பிள்ளையோடு பள்ளிக்குப் போயிற்று.

இதைப் போனில் சொல்ல முடியாது. ஒற்றை அறையில் ஜிஸ்மிக்குக் காது நீளம். அவள் அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து, புதுப் பள்ளியில் ஒன்றரை மாதமாக வாயே திறக்கவில்லை. ஓணப் பரீட்சை வரை பார்ப்பேன். அப்புறமும் இப்படியே என்றால் உன்னிடமே கொண்டுவந்து விடுகிறேன்.

உன் தம்பி,
வேதமுத்து

கொழிஞ்சாம்பாறை,
22.7.2025

அன்புத் தம்பிக்கு,

உன் மச்சானுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. இரண்டு நாளாக மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மிணி, நம்மூட்டுல என்ன கொழம்பு?" என்று பின்னாலேயே வருகிறார்.

அது கிடக்கட்டும். பிள்ளை கருவாட்டை என்ன செய்தாள்? அதை எழுதாமல் உன் புராணத்தையே எழுதியிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன். ஜிஸ்மிக்கென்று கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. குழந்தை இல்லாத வீட்டில் அதை நான் தினமும் தட்டி விரிக்கிறேன். அவள் அங்கே பேசிவிட்டால் கட்டில் சும்மா கிடக்கும். இருந்தாலும் கேள்: டப்பாவில் கூடக் கொஞ்சம் வை. ஒருத்திக்கு மட்டும் வைத்தால் குனிந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

அக்கா,
கத்தரீனாள்

சக்குபள்ளம்,
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன். திறந்ததும் வகுப்பே மணத்ததாம். எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஜிஸ்மி, "இது என்னோடது இல்ல, எங்கப்பாவோடது!" என்று கத்தினாளாம். முதல் பேச்சே என்னைக் காட்டிக் கொடுத்தது. பக்கத்துப் பெண் சோனா மட்டும் மெதுவாக, "ஒரு துண்டு தருமோ?" என்று மலையாளத்தில் கேட்டாளாம்.

நீ எழுதியபடி மறுநாள் கருவாட்டைக் கூடுதலாக வைத்தேன். 'கண்ணை மூடிக்கொண்டு தலையா, வாலா என்று சரியாகச் சொல்கிறவருக்கே துண்டு' என்று சீட்டும் வைத்தேன். இப்போது நாலு பேர் வட்டமாக உட்காருகிறார்கள். நேற்று டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஜிஸ்மி பேச்சைக் கொஞ்சம் குறைக்கணும்" என்றார். அந்தப் புகாரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தேன்.

அக்கா, அவள் இங்கேயே இருக்கட்டும். இந்த வரியை எழுத நாலு நாள் ஆயிற்று. ஓண விடுமுறை பத்து நாளும் அந்தக் கட்டில் அவளுக்குத்தான். மச்சானிடம் நீயே பக்குவமாகச் சொல்.

பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி என்று யார் கேட்டாலும் இனி சொல்லித் தருவேன். கேட்கத்தான் ஆளில்லை. ஸ்டோரில் நான் இன்றைக்கும் மோட்டார் அறைக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

வேதமுத்து