வண்டிக்கு ஒரு வண்டி

சேந்தமங்கலம்
4-11-1946

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தை, மாமா, உங்கள் மாப்பிள்ளை மூவரும் நலம். நானும் நலந்தான், உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தவிர.

தலைத் தீபாவளிக்கு நாங்கள் கிளம்பி வந்த ஸ்கூட்டர் வழியெல்லாம் நின்று நின்று, ராசிபுரம் தாண்டியதும் படுத்தேவிட்டது. கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த வண்டி மாட்டு வண்டியில் ஏறி வந்ததை வெண்ணந்தூரே பார்த்தது. அதாவது போகட்டும். எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டீர்களே, அன்றைக்கு மாமா வாசலில் நின்று, "ஏனுங்க சம்மந்தி, வண்டி குடுத்தீங்க, செரி. அதை ஏத்தியாரதுக்கு ஒரு வண்டியும் சேத்துக் குடுத்திருக்கோணுமுங்க" என்றார். உறவுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவின் வாய் அப்படித்தான், அப்பா. பால் குறைந்த மாட்டைக்கூட விடமாட்டார்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த வண்டி நிக்காம எங்கூரு வந்து சேர்ற வரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள். சொம்போடு நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தை பிறந்தால் எனக்குத் தலைப் பொங்கல். சீர் எடுத்துக்கொண்டு அப்பன் வராத தலைப் பொங்கலை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு நீங்கள் வரவேண்டும். அதற்கு இந்த வண்டி ஓட வேண்டும்.

அதன் நோயைச் சொல்கிறேன். உதைத்தால் உடனே கிளம்புகிறது. ஊருக்குள் போய் வந்தால் ஒரு குறையும் இல்லை. நாலைந்து மைல் போனால் மூச்சு முட்டியதுபோல இருமி நின்றுவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்ததோ என்று தொட்டி மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் இருக்கிறது. மூடிவிட்டு உதைத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். புரட்டாசிக்கு முன்னால் இது இல்லவே இல்லை.

பிளக்குதான் கெட்டிருக்கிறது என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. பழையதைத் துணியில் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். இதே திருகு மரையில் சேலத்தில் தேடுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்
சௌந்திரம்


வெண்ணந்தூர்
13-11-1946

அம்மிணி சௌந்திரத்துக்கு,

அப்பன் சின்னுசாமி ஆசீர்வாதம். உன் கடிதமும் பிளக்கும் சேதாரமில்லாமல் வந்தன.

எனக்குக் கோபம் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். கோபம் இல்லை, ரோஷம். இரண்டும் வேறு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே ஊட்டுலதான குடியிருக்குது" என்றாள். அவளோடு பேசி யார் ஜெயித்தது.

பிளக்கை மடியில் கட்டிக்கொண்டு சேலம் போனேன். கரியில் ஓடும் பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அதைப் பார்த்து யாரும் கேலி பேசவில்லை என்பதை உன் மாமனாருக்குத் தெரியும்படி சொல்லவும்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமானெல்லாம் ஏலத்தில் வந்ததே, நம் ஸ்கூட்டரும் அதில் வந்ததுதானே, அந்தக் கடைக்கே போனேன். பூட்ஸ் மலைபோல் கிடக்கிறது. கூடாரத் துணி, தண்ணீர்க் குப்பி, சவரக் கண்ணாடி எல்லாம் உண்டு. ஸ்கூட்டர் சாமான் மட்டும் இல்லை. "எந்த வருசத்து வண்டிங்க?" என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும், "எம் புள்ள கல்யாணத்து வருசம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தான்.

பிறகு பஸ் பட்டறை, லாரிப் பட்டறை என்று ஏறி இறங்கினேன். அம்மாபேட்டை போகிற வழியில் ஒருத்தன் பெட்ரோல் இன்ஜின் வைத்துக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிறான். அவனிடம் உபரியாக ஒரு பிளக்கு இருந்தது. மரை அச்சாக அதேதான். முதலில் தரமாட்டேன் என்றான். மகளுக்கு என்றதும் தந்துவிட்டான், அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம்.

உன் அம்மா சுட்ட கச்சாயத்தோடு அனுப்பியிருக்கிறேன். கச்சாயத்தை முதலில் எடுத்துவிடு, பிளக்கில் வெல்லம் ஒட்டினால் அதற்கு வேறு என் மானம் போகும்.

உன்
அப்பன்


சேந்தமங்கலம்
2-12-1946

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌந்திரத்தின் நமஸ்காரம். கச்சாயம் அன்றைக்கே தீர்ந்தது. மாமாதான் அதிகம் தின்றார். பஸ் கதையைச் சொன்னேன். "அது கெவர்மெண்டு காயிதம் வாங்குன பஸ்ஸு, நிக்கலாம்" என்கிறார்.

புதுப் பிளக்கு போட்டு ராசிபுரம் பக்கம் போனோம். அதே நாலைந்து மைல். அதே இருமல். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அப்பா. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என் அழுகை நிற்கும் வரை காத்திருந்து உதைத்தார். கிளம்பியது. அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிட்டோம்.

இப்போது பின்கட்டில் கித்தான் விரித்து, வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டிருக்கிறோம். நானும் கூட உட்காருகிறேன். பிளக்கின் கரியை உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, விளக்கெண்ணெய் தடவுகிறேன். பெட்ரோலை என் காப்பி வடிகட்டியில் வடிகட்டினார். வேறு வடிகட்டி வாங்கித் தரும்வரை வீட்டில் யாருக்கும் காப்பி கிடையாது என்றேன், மறுநாளே வந்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் அவர் என்னோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இந்தக் கித்தானில் உட்கார்ந்து பேசியதில் பாதி இராது. வண்டி நின்றதில் எனக்கு இந்த ஒரு லாபம். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

அத்தைக்கு இரும்பு என்றாலே பயம். ஆனாலும் ஆயுத பூஜையிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் குழைத்து, எனக்கு வைக்கும் முன்னால் வண்டிக்குப் பொட்டு வைக்கிறார். "இதுதான கண்ணு உங்க ரெண்டு பேரு உசுரையுஞ் சுமக்குது" என்பார். பழைய பொட்டை அழிக்கக் கூடாதாம். அதன்மேலேயே வைக்க வேண்டுமாம்.

பெட்ரோல் வரும் செம்புக் குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. அங்கேதான் அடைக்கிறது என்கிறார். அதையே அளவுக்கு அனுப்புகிறேன். சேலத்தில் கிடைக்குமா? பொங்கல் நெருங்குகிறது.

உங்கள்
சௌந்திரம்


வெண்ணந்தூர்
15-12-1946

அம்மிணி சௌந்திரத்துக்கு,

அப்பன் ஆசீர்வாதம். குழாய் எந்தக் கடையிலும் இல்லை. சேலத்தில் செம்பு அடிக்கும் கன்னான் ஒருவனைப் பிடித்து, நீ அனுப்பிய அளவுக்கே அடிக்கச் சொல்லி வாங்கிவிட்டேன். தேர்க் கலசம் மாதிரி பளபளக்கிறது. இதற்கும் நிற்குமானால் வண்டிக்கு என்மேல் ஏதோ பகை.

போன சந்தையன்று ராசிபுரத்தில் உன் மாமனாரைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை. நான் ஓர் எருமையின் மறைவில் நின்றுகொண்டேன். சபதம் போட்ட ஆம்பளை எருமைக்குப் பின்னால் நிற்பதை நம் ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்துவிட்டான். என்ன விலை என்று கேட்டான்.

பொங்கலுக்கு வண்டி சரியாகாவிட்டால் சீரை உன் சித்தப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது, சாமி? உன் அம்மா புதுப் பானையும் உனக்குச் சேலையும் வாங்கி வைத்திருக்கிறாள். அந்தப் பானை இருக்கும் பக்கமே நான் போவதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்
அப்பன்


சேந்தமங்கலம்
30-12-1946

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் குழாயைப் போட்டும் வண்டி நின்றது. அவர் மனம் விட்டுப்போய், விற்றுவிடலாம் என்றார். மறுநாள் வியாழக்கிழமை, புதுக் கடலை எண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுச் சாய்த்தேன். கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டது. அத்தை அடுப்படியிலிருந்தே, "இன்னொரு ஓட்ட போடு கண்ணு. காத்து உள்ள போனாத்தான எண்ண வெளிய வரும்" என்றார்.

டின்னை அப்படியே வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உஸ்ஸென்றதே, அது காற்று உள்ளே போன சத்தம்! அத்தை பொட்டு வைப்பது அந்தத் தொட்டி மூடியில்தான், அப்பா. அதுதான் உச்சி என்று நினைத்திருக்கிறார். வாரா வாரம் வைத்த சந்தனம் ஓடுபோல இறுகிக் கிடந்தது. ஊசியால் சுரண்டினேன். நடுவில் எள்ளளவு ஒரு கண், காற்றுக்கென்றே வைத்தது. பொட்டு அதை அடைத்திருக்கிறது.

அவரிடம் காட்டினேன். நாமக்கல் போய் எங்கும் நிற்காமல் திரும்பி வந்தோம்! இறங்கியதும் தன் அம்மாவிடம் சொல்லப்போவதாகச் சிரித்துக்கொண்டே கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். எங்கள் இரண்டு பேர் உயிருக்காக வைத்த பொட்டு, அதுதான் வண்டியை நிறுத்தியது என்று எப்படிச் சொல்வது? அத்தை தாங்கமாட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, "அத்தை, பொட்டு மொகத்துக்குத்தான? வெளக்குத்தான இதுக்கு மொகம்" என்றேன். மூடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அதுவுஞ் செரிதான்" என்று முன்விளக்கின்மேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். கூப்பன் பெட்ரோல் இருக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் வர வேண்டும். வந்தால் மாமா கட்டாயம் வாயைக் கொடுப்பார். சந்தனக் கதையை மட்டும் அப்போது எடுத்துவிடாதீர்கள். எனக்காக.

உங்கள்
சௌந்திரம்


வெண்ணந்தூர்
8-1-1947

அம்மிணி சௌந்திரத்துக்கு,

அப்பன் ஆசீர்வாதம். நீங்கள் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததைக் கண்டக்டர் சொன்னான்.

நீங்கள் வந்த அன்றைக்கு ஊர் எல்லையில் பருத்திக் காட்டில் நான் நின்றது பருத்தி பார்க்க அல்ல. உன் அம்மா சொல்லியிருப்பாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளெல்லாம் ஹாரனை அமுக்கினார்கள். நீங்கள் சாப்பிடும்போது நானும் அமுக்கிப் பார்த்தேன். கன்றுக்குட்டி கத்துவதுபோல் கணீரென்று இருக்கிறது.

ஆனால் நீ கேட்டது அநியாயம். சேலத்தில் நான் ஏறாத பட்டறை இல்லை. எருமைக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் கோளாறு நான் கொடுத்த வண்டியில் இல்லை, அவர்கள் வீட்டுச் சந்தனத்தில்! இப்படி ஒரு பதில் ஆயுசுக்கு ஒரு முறைதான் வாய்க்கும். அதைச் சொல்லாதே என்கிறாய். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். வாயைப் பற்றி இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். வாக்குக் கொடுத்துப் பட்டது போதும்.

உன்
அப்பன்


சேந்தமங்கலம்
21-1-1947

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌந்திரத்தின் நமஸ்காரம். அம்மா எடுத்த சேலை அத்தைக்கும் பிடித்துவிட்டது.

பொங்கலன்று நீங்கள் சீரை இறக்கி வைத்து உட்கார்ந்ததும், மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, "ஆக, வண்டிக்கு ஒரு வண்டி வேண்டாமாட்டமிருக்குதுங்க சம்மந்தி. என்னதான் கோளாறுங்க?" என்று கேட்டாரே, அப்போது நான் கதவுக்குப் பின்னால் சொம்போடு நின்றேன். தண்ணீர் சேலையில் சிந்தியது. நீங்கள் துண்டை எடுத்து உதறினீர்கள். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாங் குடுத்த வண்டியிலதானுங்க கொற. பழைய கொழாயிங்க, மாத்தியாச்சு" என்றீர்கள். மாமாவே, "பட்டாளத்து வண்டியின்னா அப்படித்தானுங்க, உடுங்க" என்று உங்களுக்குச் சமாதானம் சொன்னார். சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்தீர்கள். எனக்கு அதற்குமேல் ஒரு பொங்கல் வேண்டியதில்லை, அப்பா.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அத்தை விளக்குக்குப் பொட்டு வைத்துவிட்டு எனக்கு வைக்க வந்தார். வைத்துக்கொண்டே, "மூடியில இருக்கற ஊசிக் கண்ண நானும் பாத்தனம்மிணி" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என் கன்னத்தைத் தடவி, "உங்கப்பா பெரிய மனுசன். பழியத் தன் தலமேல போட்டுக்கிட்டாரு. அடிக்கடி வரச் சொல்லு" என்றார். காரணமில்லாமல் சம்பந்தி வீட்டுக்கு வரமாட்டார் என்றேன். "அப்ப ஏதாச்சுஞ் சாமான் வேணுமுன்னு எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

எழுதும்போதுதான் நினைவு வருகிறது. ஹாரனின் ரப்பர் பந்து கிழிந்துவிட்டது. அமுக்கினால் சத்தமே இல்லை. கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் தொலைத்துவிடுவார். நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள்
சௌந்திரம்


வெண்ணந்தூர்
26-1-1947

அம்மிணி சௌந்திரத்துக்கு,

அப்பன் ஆசீர்வாதம். பொங்கலன்று நான் கிளம்பும்போதுகூட அந்தப் பந்தை அமுக்கிவிட்டுத்தான் வந்தேன். கல்லுமாதிரி இருந்தது. அது தேய்ந்து கிழிந்ததா, கத்தரிக்கோல் பட்டுக் கிழிந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை.

சேலத்தில் முதல் கடையிலேயே கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நானும் உன் அம்மாவும் வருகிறோம். சமையலைப் பெரிதுபடுத்த வேண்டாம். கொள்ளுப் பருப்பு கடைந்தால் போதும்.

பந்து இரண்டு வாங்கினேன். ஒன்று வண்டிக்கு. இன்னொன்று இங்கே என்னிடமே இருக்கட்டும். அடுத்தது எப்போது கிழியும் என்று உன் அத்தையைக் கேட்டு எழுது.

உன்
அப்பன் சின்னுசாமி