சீனி போட்ட பிரெஞ்சு ஒயின்

இன்று மதியம் விருந்தாளி ஒருவர் கொண்டுவந்த பாட்டிலின் தக்கையை உருவியபோது அந்த வாசம் மறுபடி வந்தது. நன்றாகப் பழுத்த பிளம்ஸ், அதன் பின்னால் லேசாக மிளகு. தெற்குப் பிரான்சின் சிவப்பு ஒயின். அங்கே சாதாரண வீடுகளில் மதியச் சாப்பாட்டோடு குடிப்பது, விலையும் அதிகமில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி உன்னைத் தேடினேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது என் மூக்குக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த மலையூர் கெஸ்ட் ஹவுஸில் சமையல் உனக்கு, பரிமாறுவது எனக்கு. அந்த டிசம்பரில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி ஒரு மாதம் தங்கினார்கள். தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒயினைத் திறந்து நமக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். நீயோ கிறிஸ்மஸுக்கு ஜாடியில் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டு ஒயின் ஊறவைக்கும் வீட்டில் பிறந்தவள். முகத்தைச் சுளித்தாய்.

"சீனி போட மறந்துட்டாக புள்ள. பாவம், புளிச்சுக் கெடக்கு."

மறுநாள் மிச்சமிருந்த பாதி பாட்டிலில் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றி, நீயே மேசையில் வைத்துவிட்டாய். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். நீ ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே போய் நின்றாய். "நாந்தாம்மா போட்டேன். கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை எடுத்துச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. புது பாட்டில் ஒன்றைத் திறந்து, நீ சமைத்ததோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். மீன் குழம்புக்குப் பிறகு ஒரு வாய் குடித்தாய். "இரும்ப நக்குன மாதிரி இருக்கு." பன்றிக்கறிக்குப் பிறகு இன்னொரு வாய். கண்ணை மூடினாய். "ஏ புள்ள, இப்பப் புளிக்கல. கறிக் கொழுப்ப வழிச்சுட்டுப் போகுது."

அதோடு விட்டாயா? ஒரு வாரம் அதே சோலி. ஒயினோடு சேர்ந்தால் நாக்கு எரிகிறது என்று பன்றிக்கறியில் வத்தலைக் குறைத்தாய், புளியே வேண்டாமென்றாய், பெரும்பாறையில் விளைந்த மிளகை இடித்துப் போட்டாய், நம் மலைப்பூண்டைத் தோலோடு சுட்டுச் சேர்த்தாய். கடைசி நாள் அந்த அம்மா சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அன்று முதல் அந்தக் கறி மெனுவில் இருக்கிறது, சிவப்பு ஒயினுக்குப் பொருத்தம் என்ற குறிப்போடு. உன் நாக்கை நினைத்து நான் பட்ட பெருமையை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இன்று பாட்டிலோடு வந்தவர் சென்னைக்காரர், ஒயின் பற்றி நன்றாகத் தெரிந்தவர். கறியைத் தின்று, ஒரு வாய் குடித்து, "இந்த ஜோடிய யாருங்க கண்டுபிடிச்சது?" என்றார்.

"எங்க செஃப்தான் சார்" என்றார் புது மேனேஜர். அந்த செஃப் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

நான் ட்ரேயைக் கீழே வைத்தேன். "இல்லைங்க சார். பக்கத்து ஊரு, பேத்துப்பாறைக்காரி ஒருத்தி" என்று உன் பெயரைச் சொன்னேன். சீனிக் கதையையும் மறைக்கவில்லை. மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. வேலை போகுமோ என்ற பயம்கூட எனக்கு வரவில்லை. வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "அவங்க பேரு ஏன் மெனுல இல்ல?" என்று கேட்டார்.

சாயங்காலம் மேனேஜர் புது மெனு அட்டையை அச்செடுத்து வந்து, பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். உன் பெயரை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். நாளையிலிருந்து அதை ஒவ்வொரு மேசைக்கும் கொண்டுபோகிறவள் நான்தான்.